பணம் கட்டும் நாளிலேயே பக்கத்தைச் சேமியுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை ஓரளவு திருத்தப்பட்டுள்ளது.)

வண்டிகளை எல்லாம் ரோட்டில் நிறுத்திவிட்டு, இந்த ஸ்டில்ட் பார்க்கிங்கில் நாற்காலி போட இடம் கொடுத்த ஏ பிளாக், பி பிளாக் குடும்பங்களுக்கு முதலில் நன்றி. கூட்டம் நடத்த நமக்கு ஏன் ஒரு கூடம் இல்லை என்ற கேள்விக்கும் இன்றைய பேச்சில் இடம் உண்டு. செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். "கம்ப்யூட்டர் கிளாஸ் மாதிரி ஆகிவிடக் கூடாது சார்" என்றும் சொல்லியிருக்கிறார். பார்க்கலாம்.

முப்பது வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். அதனால் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும், இதற்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். நாம் வீடு வாங்கும்போது பத்திரம் பதிவு செய்கிறோம். மூலப் பத்திரம் நம் பீரோவில் இருக்கிறது. நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. விற்றவரும் அதில் கை வைக்க முடியாது, வாங்கியவரும் கை வைக்க முடியாது. மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும். நம் பெரியவர்கள் தூங்கியதே அந்த மூன்றாம் கையை நம்பித்தான்.

இப்போது நமக்குக் கொடுக்கப்படும் வாக்குறுதிகளில் பாதி இணையதளத்தில்தான் இருக்கின்றன. வீட்டு வசதிகளின் பட்டியல், இன்சூரன்ஸ் விதிகள், கல்லூரிக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை, வாரண்டி, எல்லாமே அங்கேதான். அந்தப் பக்கத்தின் ஒரே பிரதி, வாக்குக் கொடுத்தவர் கையிலேயே இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு வரியை மாற்றினால் காலையில் நமக்குத் தெரியாது. அடித்தல் திருத்தல் எதுவும் தெரியாத பத்திரம் அது.

இதற்கு ஒரு சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி ஏதாவது உண்டா என்றால், ஓரளவு உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு இருக்கிறது. புரூஸ்டர் கேல் என்பவர் 1996-ல் தொடங்கியது. முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்குகிறது. உலகத்தில் உள்ள இணையப் பக்கங்களை இயந்திரங்களைக் கொண்டு நகல் எடுத்து, தேதி போட்டு வைப்பது அதன் வேலை. அந்த நகல்களை நாம் பார்க்கும் வாசலுக்கு வேபேக் மெஷின் என்று பெயர். 2001-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2025 அக்டோபரில் அதில் இருந்த பக்கங்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியைத் தொட்டது. கட்டணம் கிடையாது. நன்கொடையில் நடக்கிறது.

இது பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கு உரியது என்று நினைக்க வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன. நம் வீட்டுக் காரியம் எதுவோ அந்த 38-ல் இருக்கலாம்.

முன்பெல்லாம் கூகுளிலேயே 'கேஷ்' என்று ஒரு பழைய நகல் கிடைக்கும். 2024-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதே வருடம் தேடல் முடிவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் வேபேக் மெஷினுக்குப் போகும்படி ஒரு வழி வைத்தார்கள். ஆக, கூகுளே இப்போது அங்கேதான் கை காட்டுகிறது.

பயன்படுத்துவது எளிது. வெப் டாட் ஆர்க்கைவ் டாட் ஓஆர்ஜி என்று போட்டு உள்ளே போங்கள். மேலே உள்ள பெட்டியில் நீங்கள் பார்க்க விரும்பும் இணையதள முகவரியை இடுங்கள். வருடங்கள் வரிசையாக வரும். ஒரு வருடத்தைத் தொட்டால் நாள்காட்டி விரியும். எந்தெந்த நாளில் நகல் எடுத்தார்களோ அந்தத் தேதியில் வட்டம் இருக்கும். நீல வட்டம் என்றால் நல்ல நகல். பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது. அதே தளத்தில் 'சேவ் பேஜ் நவ்' என்று இன்னொரு பெட்டி உண்டு. அதில் முகவரியைக் கொடுத்தால் அந்த நிமிடமே நகல் எடுத்து வைத்துவிடும். இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்த இரண்டாவது பெட்டி. பழையதைத் தேடுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இன்றைக்கு இருப்பதைச் சேமிப்பது நம் கையில் இருக்கிறது.

இனி நம் கூட விஷயத்துக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் நான்கு பிளாக்குகளிலும் பெரும்பாலோர் 2018, 2019-ல் புக் செய்தவர்கள். கிளப் ஹவுஸ் எல்லாருக்கும் பொது என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது மூன்றாம் கட்டம் கட்டி முடித்துவிட்டு, கிளப் ஹவுஸ் அந்தக் கட்டத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் என்கிறார்கள். இன்று அவர்கள் இணையதளத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. கேட்டால், "எப்போதும் இப்படித்தானே சார் இருந்தது" என்கிறார் அவர்களுடைய அலுவலர்.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்துக்கு மூன்று நகல்கள் இருக்கின்றன. முதல் நகல் 2019 மார்ச். அதில் வசதிகள் பட்டியலில் "கிளப் ஹவுஸ், அனைத்து பிளாக்குகளுக்கும்" என்று தெளிவாக இருக்கிறது. இரண்டாவது 2021 நவம்பர். அதில் "அனைத்து பிளாக்குகளுக்கும்" என்ற சொற்கள் இல்லை. மூன்றாவது நகலில்தான் "மூன்றாம் கட்டம்" என்று வருகிறது. படிப்படியாக நகர்த்தியிருக்கிறார்கள்.

இதைக் கண்டதும் கமிட்டியில் சிலர் கை தட்டினார்கள். கை தட்டும் முன் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது தேதி. அந்த நகலின் முகவரியில் 20190307193015 என்று 14 இலக்க எண் இருக்கிறது. வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று படிக்க வேண்டும். 2019 மார்ச் 7, இரவு ஏழரை மணி. ஆனால் அது கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மார்ச் 8, பின்னிரவு ஒரு மணி. மனுவில் எழுதும்போது இந்த ஒரு நாள் வித்தியாசத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் விளையாடலாம். இரண்டு தேதியையும் எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது, சொற்கள் என்றைக்கு மாற்றப்பட்டன என்பதைக் காப்பகம் சொல்லாது. 2019 மார்ச்சில் இருந்தது, 2021 நவம்பரில் இல்லை. இடையில் என்றோ ஒரு நாள். அவ்வளவுதான் நாம் சொல்ல முடியும். 2020-ல் புக் செய்தவர்கள் எந்த வாசகத்தைப் பார்த்தார்கள் என்பதற்கு இதில் விடை இல்லை.

மூன்றாவது, லேஅவுட் வரைபடம். 2019 நகலில் எழுத்துகள் எல்லாம் வந்திருக்கின்றன, வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான். காப்பகத்தின் இயந்திரம் எழுத்தை ஒரு நேரத்திலும் படத்தை வேறொரு நேரத்திலும் எடுக்கும். சில நேரம் படத்தை எடுக்காமலே விட்டுவிடும். இன்னும் ஆபத்தானது, 2019 பக்கத்துக்குள் 2022-ல் எடுத்த படம் வந்து உட்கார்ந்துகொள்ளவும் கூடும். பக்கத்தின் தேதியைப் பார்த்து உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் அதே தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நகலின் மேல் பட்டையில் 'அபௌட் திஸ் கேப்சர்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு காலம் முன்னே பின்னே எடுக்கப்பட்டது என்று காட்டும்.

நான்காவது, நமக்குப் பிடிக்காத ஒரு விஷயம். பக்கத்தின் அடியில் கடுகளவு எழுத்தில், படங்களும் வசதிகளும் மாற்றத்துக்கு உட்பட்டவை என்று ஒரு வரி 2019-லேயே இருக்கிறது. அதையும் சேர்த்தே காட்ட வேண்டும். நமக்குச் சாதகமான பாதியை மட்டும் வெட்டி எடுத்துக் கொண்டு போனால், மீதிப் பாதியை அவர்கள் அதே காப்பகத்திலிருந்து எடுத்து வருவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதுதான் நாம் ரெரா என்று சொல்வது, அதன் 12-வது பிரிவு விளம்பரத்தைப் பற்றியது. விளம்பரத்திலோ விளக்கக் குறிப்பிலோ உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து ஒருவர் நஷ்டப்பட்டால், புரமோட்டர் இழப்பீடு தர வேண்டும். விளம்பரம் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கம் விரிவானது, எந்த ஊடகம் வழியாக வந்தாலும் பொருந்தும். ஆகவே, "இணையதளம்தானே, பத்திரம் இல்லையே" என்று தள்ளிவிட முடியாது. கடுகளவு எழுத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்க ஒரு முறை உண்டு. முன்பு சாட்சியச் சட்டம் 65பி என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவு. அதன்படி இரண்டு பகுதிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். ஒரு பகுதியில் தாக்கல் செய்பவர் கையெழுத்து, இன்னொரு பகுதியில் நிபுணர் கையெழுத்து. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும்.

இதில் நமக்குக் கிடைத்த பெரிய துணை, சி பிளாக்கில் ஓர் அம்மா பத்திரமாக வைத்திருந்த பிரிண்ட் அவுட். 2019-ல் அட்வான்ஸ் கட்டிய அன்று காலையில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, ரசீதோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறார். தாளின் ஓரத்தில் இணைய முகவரியும் அச்செடுத்த தேதியும் இருக்கின்றன. பிரவுசரில் அச்செடுத்தால் அவை தானாக வரும். அந்தத் தாள் மட்டும் இருந்தால் "நீங்களே அடித்துக் கொண்டது" என்பார்கள். காப்பக நகல் மட்டும் இருந்தால் "அமெரிக்கக்காரன் வைத்திருப்பதற்கு நாங்கள் என்ன செய்ய" என்பார்கள். இரண்டும் ஒரே வாசகத்தைச் சொல்லும்போது பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

வீட்டு விஷயத்தை இதோடு விடுகிறேன். அன்றாடத்தில் இன்னும் பல இடங்களில் இது உதவும்.

டி பிளாக்கில் ஒரு பெரியவருக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை. அவர் பாலிசியைப் புதுப்பித்தபோது அருகிலுள்ள ஒரு மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் இருந்தது. அட்மிட் ஆன அன்று பட்டியலில் இல்லை. இருந்ததே இல்லை என்று தொலைபேசியில் சாதித்தார்கள். பழைய பட்டியல் பிடிஎஃப் காப்பகத்தில் கிடைத்தது, மருத்துவமனையின் பெயரும் அதில் இருந்தது. அதனால் கேஷ்லெஸ் கிடைத்ததா என்றால் இல்லை. பட்டியல் மாறலாம் என்று பாலிசியிலேயே இருக்கிறது. ஆனால் "இருந்ததே இல்லை" என்ற பேச்சு நின்றது, பில்களைக் கொடுத்துப் பிறகு பணம் வாங்குவது விரைவாக முடிந்தது. பிரீமியம் கட்டும் நாளில் பாலிசி வாசகத்தையும் மருத்துவமனைப் பட்டியலையும் சேமித்து வைக்க ஐந்து நிமிடம் ஆகாது.

நம் போர்வெல் மோட்டார் கன்ட்ரோல் பேனல் சென்ற கோடையில் ஏதோ ஒரு எரர் கோடு காட்டி நின்றது ஞாபகம் இருக்கும். பேனல் செய்த கம்பெனி மூடியாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் போர்டையே மாற்ற வேண்டும் என்றார். கம்பெனியின் பழைய தளம் காப்பகத்தில் இருந்தது, அதில் பயனர் கையேடும் இருந்தது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடும்போது நிறுத்தும் சென்சார் ஒயர் கழன்றிருக்கிறது என்பதுதான் அந்தக் கோடு. ஒயரை மாட்டினோம்.

இன்னொன்று பணம் சம்பந்தப்படாதது. நம்மில் ஓர் அம்மாவின் கணவர், இப்போது இல்லை, 2000-ஐ ஒட்டிய வருடங்களில் தன் சொந்த ஊரைப் பற்றி ஜியோசிட்டீஸ் தளத்தில் தமிழில் சில பக்கங்கள் எழுதியிருந்தார். 2009 அக்டோபரில் அந்தச் சேவையையே யாஹூ மூடிவிட்டது. காப்பகத்தில் தேடினோம், பக்கங்கள் கிடைத்தன. ஆனால் திரையில் வந்தது தமிழ் இல்லை, புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். காரணம், அப்போது யூனிகோட் பரவவில்லை. திஸ்கி, டாப், டாம் என்று பல குறியீட்டு முறைகள் இருந்தன. இவை போதாதென்று பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அந்தக் குப்பை போன்ற எழுத்தை அப்படியே நகல் எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து, எந்த முறை பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இவருடையது திஸ்கி. மூன்றாவது முயற்சியில் அவர் ஊர் ஏரியைப் பற்றிய முதல் வரி தமிழாக எழுந்து வந்தது. புகைப்படங்களில் நான்குதான் மிச்சம், மற்றவை வரவில்லை. நான்கையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

காப்பகத்துக்குள் வராதவை நிறைய. லாகின் செய்து பார்க்கும் பக்கங்கள் வராது. வாட்ஸ்அப் வராது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் வராது. சர்வே எண்ணைப் போட்டுத் தேடிப் பெறும் வழிகாட்டி மதிப்பு, வில்லங்கச் சான்று போன்ற முடிவுகளும் வராது. படிவத்தை நிரப்பினால்தான் அந்தப் பக்கமே பிறக்கிறது, இயந்திரம் படிவம் நிரப்பாது. இவற்றுக்கு அன்றைக்கே பிடிஎஃப் எடுத்து வைப்பதுதான் வழி.

இந்தக் காப்பகமும் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். 2017 ஆகஸ்டில் இந்தியாவில் பலருக்கு அது திறக்கவே இல்லை. இரண்டு இந்திப் படங்களைத் திருட்டுத்தனமாக வெளியிடுவதைத் தடுக்கக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுப்படி 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் இதுவும் சேர்ந்துவிட்டது. பிறகு திறந்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதல் நடந்து பல நாட்கள் முடங்கியது. 3 கோடிக்கும் அதிகமான பயனர் கணக்குகளின் விவரம் திருடு போனது. அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நூலகக்காரனாக ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். 1954-ல் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அச்சிடும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். இருநூறு பிரதி அச்சடித்த கவிதைத் தொகுப்புக்குக்கூட அதனால் எழும்பூரில் ஓர் இடம் உண்டு. இணையப் பக்கத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூரில் சட்டத்தைத் திருத்தி, 2019 முதல் அந்நாட்டு இணைய முகவரியில் உள்ள தளங்களைத் தேசிய நூலகமே சேமிக்கிறது. நம் விஷயங்களுக்கு நாம் சான் பிரான்சிஸ்கோவை நம்பியிருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. 'சேவ் பேஜ் நவ்' கொடுத்தால் அந்த நகல் உலகத்துக்கே தெரியும். உறுப்பினர்களின் போன் நம்பர் பட்டியல், ஆதார் நகல், மருத்துவ ரிப்போர்ட் உள்ள லிங்க் எதையும் அங்கே கொடுக்காதீர்கள். அவற்றை உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக் கொண்டால் போதும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(கேள்வி: செல்போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் போதாதா?)

எடுங்கள், ஒன்றும் எடுக்காமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் அதுவும் நம் கையில் உள்ள பிரதிதான், எடிட் செய்தது என்று சொல்வது சுலபம். ஸ்க்ரீன்ஷாட்டில் பெரும்பாலும் முழு முகவரியும் தெரிவதில்லை. காப்பகத்தில் ஒன்று, பிடிஎஃப் ஒன்று, இரண்டும் இருக்கட்டும்.

(கேள்வி: மாதா மாதம் யார் சார் இதைச் செய்வது?)

மாதா மாதம் வேண்டாம். பணம் கட்டும் நாளில் மட்டும் செய்யுங்கள். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், கல்லூரி அட்மிஷன் நேரத்தில் கட்டண விவரப் பக்கம், கட்டணத்தைத் திருப்பித் தரும் விதிகள், இரண்டையும் அவர்களையே சேமிக்கச் சொல்லுங்கள். நம்மை விட வேகமாகச் செய்வார்கள். நம் சங்கச் செய்தி மடலின் ஒவ்வோர் இதழையும் வெளியான அன்றே சேமிக்கும் பொறுப்பை நான் எடுத்துக் கொள்கிறேன்.

(கேள்வி: பில்டர் கேட்டால் அந்தப் பழைய நகல்களைக் காப்பகம் நீக்கிவிடுமா?)

நல்ல கேள்வி. தளத்தின் உரிமையாளர் நீக்கச் சொல்லிக் கோரலாம், காப்பகம் பரிசீலித்து மறைத்துவிடவும் கூடும். அதனால்தான் நோட்டீஸ் அனுப்பும் முன்பே, சென்ற வாரம், மூன்று நகல்களையும் முழுப் பக்கமாக பிடிஎஃப் எடுத்து, முகவரியோடு அச்செடுத்து, ஹாஷ் மதிப்பைக் குறித்து வைத்தோம். ஒரு பென் டிரைவ் செயலாளரிடமும் ஒன்று பொருளாளரிடமும் இருக்கின்றன. இனி எங்களுக்கு வேண்டியது உங்கள் வீட்டில் இருக்கிறது. 2018 முதல் 2020 வரை புக் செய்தவர்கள் அந்த நாட்களில் வந்த மின்னஞ்சல், பிரோஷர், விலைப் பட்டியல் எது இருந்தாலும் தேடி எடுங்கள். வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை சங்க அலுவலகத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருப்பேன். வரும்போது அலாட்மென்ட் லெட்டரை மறக்காமல் கொண்டு வாருங்கள், எங்களுக்கு முதலில் வேண்டியது அதிலுள்ள தேதி.